சிறுதேர்ப் பருவம்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதுகிறேன். பத்துப் பருவங்களில் முதல் ஏழு ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. காப்பு தொடங்கி அம்புலி வரை இருவரும் ஒன்றாகத்தான் வளர்கிறார்கள். எட்டாவது பருவத்தில் வழி பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். நூலுக்கு நூல் சிறு மாற்றம் உண்டு, கழங்கு வரும். தேரை மட்டும் இலக்கணம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டியிருப்பார்கள். ஆண் பிள்ளை அதைக் காலால் அழிக்க வருவான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. அடுத்து அவன் பறை கொட்டுவான். அதற்கடுத்துத் தேர் உருட்டுவான். பெண் பிள்ளை காய்களை மேலே எறிந்து பிடிப்பாள், ஆற்றில் குளிப்பாள், ஊஞ்சலில் உட்காருவாள். ஊஞ்சலும் வேகமாகத்தான் போகிறது, உச்சிக்குப் போனால் அடிவயிறு கூசும். ஆனால் கயிறு கட்டிய கிளையை விட்டு ஓரடி நகராது.

இதெல்லாம் எங்கள் மாவட்டத்துச் சரக்குதான். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குத் தேர் கொடுத்தார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கு ஊஞ்சல் கட்டினார். படை நடத்தித் திக்கெல்லாம் வென்றவள் என்று புராணம் சொல்கிற அதே மீனாட்சிக்குத்தான்.

சிறுதேர்ப் பருவம் ஆண்களுக்கு எந்த வயதில் முடிகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது. 2025 மே மாதத்தில் எனக்கு அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது.

அந்த மாதம் முழுவதும் என் அண்ணன் மகன் ஒரு காரின் விலைக்காகக் காத்திருந்தான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அவனும் நண்பர்களும் சாயங்காலமானால் பீச் ரோட்டில் ரோச் பூங்கா பக்கம் கூடிவிடுவார்கள். பேச்செல்லாம் கோல்ஃப் ஜிடிஐ. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அதை முதன்முறையாக இந்தியாவுக்குக் கொண்டுவருகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து இந்தப் பையன்களுக்குச் சோறு இறங்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகை வண்டியை ‘ஹாட் ஹேட்ச்’ என்பார்கள். ஹேட்ச்பேக் என்பது டிக்கி தனியாகத் துருத்தாமல், பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற சின்னக் குடும்பக் கார். காய்கறி மூட்டையும் குழந்தையின் தள்ளுவண்டியும் ஏற்றுவதற்கென்று செய்தது. அதே உடம்பில் பெரிய எஞ்சினை வைத்து, ஸ்பிரிங்கை இறுக்கி, அகலமான டயரை மாட்டினால் அது சூடான வண்டி ஆகிவிடுகிறது. இந்தியாவில் அப்படி வந்தவையும் அப்படிச் சொல்லிக்கொண்டவையும் சில உண்டு: 2015இல் ஃபியட்டின் அபார்த் புன்டோ, 2016இல் தொண்ணூற்றொன்பது வண்டி மட்டும் என்று வந்த போலோ ஜிடிஐ, 2021இல் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஐ20 என் லைன், 2024இல் டாட்டாவின் ஆல்ட்ராஸ் ரேசர். ஒவ்வொன்று வரும்போதும் ஒரு பட்டியல் தயாராகும். இவ்வளவு குதிரைத்திறன் வேண்டும், கையால் போடுகிற கியர் வேண்டும், புகைக்குழாய்ச் சத்தம் இப்படி இருக்க வேண்டும், விலை இதைத் தாண்டக் கூடாது. வந்தபின் ஒப்பாரி வைப்பார்கள். அடுத்த பட்டியல் தொடங்கும்.

கோல்ஃபுக்கான பட்டியலை என் மருமகன் ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். அவன் எழுதிய நீளமான உரைநடை அது ஒன்றுதான், நன்றாகவும் எழுதியிருந்தான். மே 26 அன்று விலை வந்தது. ஷோரூம் விலையே ஐம்பத்து மூன்று இலட்சம். 265 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 வினாடி. முதல் தவணையாக வந்த 150 வண்டியும் விலை சொல்வதற்கு முன்பே பதிவாகிவிட்டன. கியர் தானாக மாறுவது மட்டுமே. உலகம் முழுவதும் இந்தக் காரில் கையால் போடுகிற கியரை நிறுத்திவிட்டார்கள்.

விலையைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள், எப்படியும் வாங்கப் போவதில்லை. கியர் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. “ஆட்டோமேட்டிக்னா லேடீஸ் வண்டில்லா அத்தே” என்றான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்தாண்டுகளாக நான் கேட்டுவருகிற வசை அது. தானாக மாறுகிற கியர், மெல்லத் திரும்புகிற ஸ்டீயரிங், நிறுத்த வசதியான நீளம், வெளிர் நிறம், இப்படி எது வண்டியில் இருந்தாலும் ‘லேடீஸ் வண்டி’. இப்போது அவர்கள் கும்பிடுகிற சாமியே கிளட்ச் இல்லாமல் வந்து நிற்கிறது. இரட்டைக் கிளட்ச் பெட்டியை விட வேகமாக எந்த ஆணின் இடக்காலாலும் கியர் மாற்ற முடியாது என்பதால்தான் வந்திருக்கிறது. வேகம்தான் வேண்டும் என்றால் அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். அப்படியானால் கேட்டது வேகத்தை அல்ல, பெண் ஓட்டாத ஒன்றை.

சத்தத்தின் கதையும் இதுதான். சிறுபறைப் பருவம். புகைக்குழாயை மாற்றி, காலை எடுக்கும்போது பட்டாசுச் சரம் போல வெடிக்கும்படி செய்துகொள்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து ஸ்கூட்டியில் திரும்புகிற என் மாணவிகளுக்கு அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து ஒருமுறை உறுமிவிட்டுப் போவான். அவள் தடுமாறினால் சிரிப்பு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஒரு தலைவன் வருகிறான். குறுங்குடி மருதனார் பாடியது. பூக்களில் தேனுண்ணும் வண்டினம் கலங்கக் கூடாதென்று அவன் தன் தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டி வருகிறான். மூன்று மதிப்பெண் கேள்வியாக அதை இந்தப் பையன்களும் எழுதித் தேறியவர்கள்தான்.

சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தது. நானூறு ஏக்கர், தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வண்டி செய்யும் திறன். முத்துக்கும் உப்புக்கும் பேர்போன ஊர் இனி காருக்கும். அங்கே செய்வது உயரமான மின்சார வண்டிகள். மின்மோட்டார் மிதித்த கணமே முழு இழுவிசையையும் தந்துவிடும். கியர் மாற்ற வேண்டாம், சத்தம் கிடையாது. உள்ளூரில் செய்த கார் என்று பீச் ரோட்டில் பெருமைதான், ஆனால் “உசுர் இல்லயே” என்கிறார்கள். பறையும் போய் கியரும் போனால் தேரில் தங்களுக்கென்று என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு ஒரு கலக்கம். அது எனக்குப் புரிகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர்களுடைய பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, இருக்கையின் கட்டம்போட்ட துணி. ஜிடிஐ என்றால் அந்த ஸ்காட்லாந்துக் கட்டம் இருந்தே ஆக வேண்டுமாம், தோல் உறை போட்டால் துரோகமாம். 1975இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டி 1976இல் விற்பனைக்கு வந்தது முதல் கோல்ஃப் ஜிடிஐ. ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கி, முதல் தலைமுறை மட்டுமே நான்கரை இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கட்டத்துணியைத் தேர்ந்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண். பீங்கான் மேல் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தவர். 1964இல் அந்த நிறுவனத்தின் துணி, நிறப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கியர் கம்பியின் தலையில் கோல்ஃப் பந்தை வைத்ததும் அவர்தான். ஐம்பதாண்டாக எந்தப் பந்தின் மேல் கையை வைத்து ஆண்மையைத் தடவிக்கொண்டிருக்கிறார்களோ, அது ஒரு பெண்ணின் விளையாட்டு யோசனை. நான் இதைச் சொன்னபோது மருமகன் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, “துணி டிசைன்தான அத்தே” என்றான். ஏல, அந்தத் துணிதான உன் பட்டியலில் நாலாவது வரி.

அதே 1976இல்தான் மோதல் சோதனைக்கு உட்காரவைக்கிற ஹைப்ரிட் மூன்று என்ற பொம்மையும் பிறந்தது. ஏறக்குறைய 175 செண்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை, நடுத்தர அமெரிக்க ஆண். உலகத்துக் கார்கள் பெரும்பாலும் அவனைக் காப்பாற்றத்தான் பழகியிருக்கின்றன. பெண் பொம்மை என்று பிறகு வைத்தது அவனையே சுருக்கியது. நடுத்தரப் பெண்ணின் உடம்பை அளந்து ஒரு பொம்மை செய்ய 2022 வரை ஆயிற்று. செய்தவர் ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் விஞ்ஞானி தலைமையிலான குழு. இடையில், 2019இல், வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க விபத்துப் பதிவுகளைக் கணக்கிட்டார்கள். இருக்கைப் பட்டை அணிந்திருந்தும், நேருக்கு நேர் மோதலில் பெண்ணுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணை விட 73 விழுக்காடு கூடுதல் என்று வந்தது.

நான் ஐந்தடி ஓரங்குலம். கிளட்ச் எட்ட வேண்டுமென்றால் இருக்கையை முன்னே இழுக்க வேண்டும். இழுத்தால் மார்பு ஸ்டீயரிங்கை ஒட்டி நிற்கும். பானெட் தெரிய வேண்டுமென்றால் அடியில் தலையணை வைக்க வேண்டும். பட்டை தோளில் நிற்காமல் கழுத்தை அறுக்கும். இந்த ஊரில் கார் ஓட்டுகிற எத்தனையோ டீச்சர்கள், நர்ஸுகள், டாக்டர்கள் தலையணைமேல்தான் ஓட்டுகிறார்கள். எத்தனை கார்ப் பித்தர்களின் எதிர்பார்ப்புப் பட்டியலைப் படித்திருக்கிறேன். ஸ்டீயரிங் இன்னும் நீண்டு வரட்டும், இருக்கை உயரட்டும், என் தங்கச்சி ஓட்டினாலும் இந்த வண்டி அவளைக் காப்பாற்றட்டும் என்று ஒருவன் எழுதிப் பார்த்ததில்லை.

இப்படியொரு சூடான ஹேட்ச்பேக்கை ஓட்டிப் பார்க்க ஒருமுறை வெளியூர் விற்பனை நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், எங்கே போனாலும் இதுதான் நடந்திருக்கும். முதல் கேள்வி, “சார் வரலையா மேடம்?” இரண்டாவது, எனக்கு வேறு ஒரு வண்டி பொருத்தமாக இருக்கும் என்ற ஆலோசனை. “இது கொஞ்சம் டைட்டா இருக்கும், பசங்க வண்டி.” அதையும் தாண்டிச் சாவியை வாங்கி உட்கார்ந்தால், அந்தத் தம்பி கை பிரேக்கின் மேல் கையை வைத்தபடியே வந்தது. நாற்பதைத் தாண்டியவள், முனைவர் பட்டம் வாங்கியவள், பதினைந்து வருஷமாகத் துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவள். மூன்றாவது கியரில் காலை அழுத்தியபோது டர்போ விழித்துக்கொண்டு முதுகைப் பிடித்துத் தள்ளியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தம்பி பயந்துபோய், “மெதுவா மேடம்” என்றது. பின்கதவின் அகலத்தையும் சன் வைசரில் இருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடியையும் எனக்கு விளக்கியது. எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

என் தோழிகள் சிலருக்கே இந்தக் கட்டுரை பிடிக்காது. ஐம்பது இலட்ச ரூபாய்க் காருக்கும் பெண் விடுதலைக்கும் என்ன சம்பந்தம், அரசுப் பேருந்தில் பெண்கள் காசில்லாமல் போவதைப் பற்றி எழுது என்பார்கள். அதை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். அந்தப் பேருந்து எத்தனை பெண்களை வேலைக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெண்ணுக்கு வண்டி என்றதுமே நாம் எல்லோரும் தேவைக்குத் தாவிவிடுகிறோம். வேலைக்குப் போக, பிள்ளையைக் கூட்டிவர, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. தேவைக்கு ஓட்டினால் அவள் பொறுப்பானவள். ஆசைக்கு ஓட்டினால்?

சங்க இலக்கியத்தில் வண்டி ஓட்டுகிற பெண் இருக்கிறாள். பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர்களின் உப்பு வண்டி வரிசையைக் காட்டுகிற இடத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை அதட்டி ஓட்டிப் போகிறாள். உப்பளத்து ஊர்க்காரி என்பதால் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் விடியலில் முள்ளக்காட்டுப் பக்கம் குட்டியானை வண்டிகளின் பின்னால் நின்றபடி உப்பளத்துக்குப் போகிறார்கள் அவளுடைய பேத்திகள், இப்போது ஓட்டுவது வேறொருவர். பாரம் இழுக்கிற வண்டியில் பெண் உட்காரலாம், இரண்டாயிரம் வருஷமாக அதற்குத் தடை இல்லை. தலைவனின் தேர்தான் வேறு. நெய்தல் பாட்டுகளில் அந்தத் தேர் கடற்கரை மணலில் வந்து போகும், ஊர் அலர் தூற்றும், அவள் அதன் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆண் பிள்ளையின் ஆசைக்கு இந்த ஊரில் மரியாதையான பெயர்கள் உண்டு. பேஷன் என்பார்கள், கிறுக்கு என்பார்கள், ‘வண்டின்னா அவனுக்கு உசுரு’ என்பார்கள். அந்த உசுருக்கு விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் கைக்கு எட்டவில்லை என்று ஆனபின் மருமகன் பழைய போலோவுக்கு இறங்கினான். 2022இல் இந்தியாவில் போலோ செய்வதை நிறுத்திவிட்டார்கள், அதனாலேயே பித்தர்களிடம் அதற்குக் கிராக்கி. முன்பணத்துக்கு மைனியின் இரட்டை வடச் சங்கிலி வங்கிக்குப் போனது. இரண்டே மாதத்தில், எஞ்சினை ஆளுகிற கணினியின் நிரலை மாற்றிக் குதிரைத்திறனைக் கூட்ட வேண்டும் என்றான். இரண்டு வளையல் போனது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மைனியிடம் யாரும் கேட்கவில்லை. பீரோ சாவியை எடுத்துத் தந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961ஓடு நின்றுபோயிற்று. ஆனால் ஒரு பேச்சு நிற்கவில்லை. குளியாள் கடலுக்குள் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் அக்கா தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதென்று அவன்தான் கையை விடமாட்டானாம். மச்சானின் விசுவாசத்தைப் புகழ்ந்து சொல்லும் கதை. எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. அவன் மூச்சடக்கி இறங்குகிற ஆழத்துக்கு ஈடாக வைத்திருந்தது கரையில் நின்றவளின் கழுத்தை. குளியாளுக்காவது வயிற்றுப்பாடு. திருச்செந்தூர் சாலையில் நூற்றிநாற்பது தொட்டுக் காட்டுகிறவனுக்கு என்ன பாடு?

ஆகவே என் எதிர்பார்ப்பையும் எழுதிவைக்கிறேன். பட்டியலாக இல்லை, அது அவர்களுக்கே இருக்கட்டும். எனக்கு அந்த முதுகைத் தள்ளுகிற இழுவை வேண்டும். என் காலும் கையும் எட்டுகிற இருக்கையில், என் உடம்பு தாங்குமா என்று சோதித்த வண்டியில் வேண்டும். ஓடுதளத்தில் ஓட்டக் கற்றுக்கொடுங்கள், இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, அங்கே வருகிறேன். பீச் ரோட்டில் ஸ்கூட்டிப் பிள்ளைகளை உறுமிக் காட்டுகிறவனோடு எனக்குப் போட்டி இல்லை. பெண் கழுத்திலிருந்து கழற்றிய பொன்னில் குதிரைத்திறன் கூட்டாதீர்கள், அவரவர் சம்பளத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

போன மாசித் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் விடியலில் மருமகன் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். சாவி ஆணியில் தொங்கியது. மைனியை ஏற்றிக்கொண்டு முத்தையாபுரம் தாண்டிப் பழையகாயல் பக்கம் போனேன். உப்பளத்துப் பாத்திகளில் அப்போதுதான் வெளிச்சம் விழுந்திருந்தது. நேரான சாலை, எதிரே ஒன்றுமில்லை. அழுத்தினேன். மைனி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். ஆத்தூர்ப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினேன்.

“இதுக்குத்தானா என் வளையலு?” என்றார்.

“ஆமா மைனி.”

சற்று நேரம் எஞ்சின் இரைவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“தள்ளி உக்காருங்க. எது பிரேக்குன்னு மட்டும் சொல்லுங்க.”